கைகட்டி, வாய்பொத்தி

மூன்று வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டு இருக்கும் இடம் பெரும்பாலும் காலியாகத் தெரியும். நமக்கு அங்கே எட்டுச் சின்ன எலும்புகள். குழந்தையின் படத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் விழுவதில்லை. நான்கு, ஐந்து, ஆறு வயதில் அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பு தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். பெண் குழந்தைகளுக்கு இது கொஞ்சம் முந்தி நடக்கும், ஆண் குழந்தைகளுக்குப் பிந்தி.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஒரு சின்னப் பள்ளியில் எல்கேஜி வகுப்பு எடுக்கிறேன். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களும் ஆயாக்களும் முதலில் கேட்பது, "எழுத வெப்பீங்களா மிஸ்?" என்பதுதான். அடுத்தது, "பக்கத்துத் தெரு ஸ்கூல்ல ப்ரீகேஜி புள்ளையே நாலு பக்கம் எழுதுதாம்." அவர்கள்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய், மீன் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்று, அந்தக் காசில் ஃபீஸ் கட்டுகிறவர்கள் அவர்கள். கட்டிய பணத்துக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் ஒரே ரசீது பிள்ளையின் நோட்டுதான். அது நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது நியாயம்.

ஆனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு நடக்கும் பெரிய விஷயங்கள் எதுவும் நோட்டில் வருவதில்லை. அவை நடப்பது கையிலும் வாயிலும். நாமோ வகுப்பில் பிள்ளைகளை உட்கார வைத்தவுடன் காலங்காலமாகச் சொல்லும் முதல் வார்த்தை, "கையைக் கட்டு, வாயைப் பொத்து." இந்த வயதுப் பிள்ளைக்கு யோசிக்க இருக்கும் இரண்டு வழியையும் ஒரே மூச்சில் அடைத்துவிடுகிறோம். இதைப் பற்றி நிறையப் பேசவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதுவதற்கு முன்னால் கைக்கு நீண்ட வேலை ஒன்று இருக்கிறது. அதை யாரும் படிப்பு என்று எண்ணுவதில்லை, அவ்வளவுதான் என் ஆதங்கம். குழந்தை முதலில் கிரேயானை முஷ்டியில் இறுக்கிப் பிடிக்கும். தோளிலிருந்து கை முழுவதும் ஆடும். அப்புறம் முழங்கையிலிருந்து அசையும், அப்புறம் மணிக்கட்டிலிருந்து. விரல் மட்டும் தனியாக அசைவது கடைசியில்தான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைச் சரியாகப் பிடிக்க நான்கு வயதுக்கு மேல் ஆகும், சிலருக்கு ஆறு கூட ஆகும்.

வரைவதற்கும் ஒரு வரிசை உண்டு. இரண்டு வயதில் மேலிருந்து கீழே ஒரு கோடு வரும். மூன்றில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, நான்கரை வாக்கில் சதுரம். சாய்கோடு வேண்டியிருப்பதால் முக்கோணம் ஐந்து வயதில்தான் கைகூடும். பிள்ளைக்குப் பிள்ளை சில மாதம் முன்பின் ஆகலாம், வரிசை பெரும்பாலும் மாறாது. இப்போது ஒரு 'அ' எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. ஆங்கில 'ஏ' எளிது என்று நினைப்போம், அதிலும் இரண்டு சாய்கோடு இருக்கிறது. வட்டம் மட்டுமே தெரிந்த கையிடம் இதையெல்லாம் நான்கு பக்கம் கேட்கிறோம். பிள்ளை அழுகிறது. "சோம்பேறி" என்கிறோம். ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்கும் வழக்கம் தமிழ் வகுப்புகளில் இருப்பது சும்மா இல்லை.

அதனால் என் வகுப்பில் கோலப்பொடியும் ஒரு பாடம். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் பொடி கொடுத்துவிடுவேன். ஆரம்பத்தில் கை நிறைய அள்ளித் தொப்பென்று போடுவார்கள். தரையெல்லாம் வெள்ளை மேடாகிவிடும். அடுத்த கட்டத்தில் கிள்ளி எடுப்பார்கள், ஆனால் விரலைச் சட்டென்று திறந்துவிடுவதால் பொடி குவியலாக விழும். கட்டை விரலை ஆள்காட்டி விரலின்மேல் லேசாக உருட்டினால்தான் பொடி கோடாக இறங்கும் என்பதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் போடுவேன், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு பிள்ளையின் விரலிலிருந்து கோடு இறங்கும். இறங்கிக்கொண்டே போகும். நிறுத்தத் தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கால்வரைக்கும் போய்விடும். நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துவது அதற்கடுத்த படி. கிள்ளிப் பிடிப்பது, விரலால் அழுத்தத்தை அளவாக வைப்பது, கண் போகும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோவது என்று பென்சிலுக்கு வேண்டிய அத்தனையும் இதில் இருக்கிறது. "ஆம்பளப் புள்ள கோலம் போடறதாம்மா?" என்று ஒரு ஆயா முகம் சுளித்தார். "போடட்டும் ஆயா, பசங்களுக்குத்தான் கை லேட்டா கெட்டிப்படும், அவங்களுக்குத்தான் இது அதிகமா வேணும்" என்றேன். இப்போது அந்தப் பேரன் வீட்டு வாசலில் புள்ளி வைக்கிறானாம். ஆயாவே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வீட்டில் செய்வதற்கும் நிறைய இருக்கிறது. முருங்கைக்கீரை உருவுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, துணி கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைக் கொடுத்து உருட்டச் சொல்வது. இவையெல்லாம் செலவில்லாதவை. செல்போன் திரையைத் தடவுவதில் விரலுக்கு இந்த வேலை எதுவும் கிடைப்பதில்லை.

எண்ணிக்கை விஷயத்திலும் பெற்றோருக்கும் எனக்கும் இப்படித்தான் ஒரு இழுபறி. "அம்பது வரைக்கும் சொல்லுவா மிஸ்" என்று ஒரு அப்பா பெருமையாகக் கொண்டுவந்து விட்டார். நான்கு வயது நிறையாத பெண். அழகாகச் சொன்னாள். கிளிஞ்சல் கூடையை அவள் முன்னால் வைத்து, "எனக்கு மூணு கிளிஞ்சல் குடு" என்றேன். ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

"இது மூணா?"

"ஆமா."

"எண்ணிப் பாரேன்."

ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு வரைக்கும் எண்ணினாள்.

"அப்போ எத்தன இருக்கு?"

மறுபடியும் முதலிலிருந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அவளிடம் ஒரு குறையும் இல்லை. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது தனியாக வரவேண்டிய ஒரு தெளிவு. 1978இல் ரோச்சல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் எண்ணுவதற்குள் இருக்கும் விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே எண் சொல்லவேண்டும், எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம். 1990இல் கேரன் வின் என்ற ஆய்வாளர், நான் கிளிஞ்சலில் கேட்டதைப் போலவே "இத்தனை கொடு" என்று குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். முதலில் ஒன்றுக்கு மட்டும் பொருள் தெரியும். அப்புறம் சில மாதம் கழித்து இரண்டுக்கு, மறுபடி சில மாதம் கழித்து மூன்றுக்கு. அதற்குப் பிறகு, மூன்றரை நான்கு வயது வாக்கில், எண்ணிக்கை என்றால் என்ன என்று மொத்தமாகப் பிடிபட்டுவிடும். ஐம்பது வரை ஒப்பிப்பது பாட்டுப் பாடுவதோடு சேர்ந்தது. நல்லதுதான், ஆனால் கணக்கு அதுவல்ல.

இதற்கு நான் செய்வது ரொம்பச் சின்னது. பிஸ்கட் நேரத்தில் ஒரு வட்டத்துக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பாக்கிவிடுவேன். "உங்க வட்டத்துல எத்தன பேரு? அத்தன பிஸ்கட் எடுத்துட்டு வா." ஒன்று குறைவாகக் கொண்டுவந்தால் நான் திருத்துவதில்லை. கிடைக்காத பிள்ளை "எனக்கு?" என்று கேட்கும். அப்போது திரும்பிப் போய் எடுத்துவரும் ஒன்றுக்கு இருக்கும் மதிப்பு, நான் போர்டில் எழுதிக் காட்டும் எதற்கும் கிடையாது.

வாய்க்கு வருவோம். பெட்டியில் வடிவங்களைப் பொருத்தும் பிள்ளையின் பக்கத்தில் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். "இது இங்க... இல்ல... திருப்பு... வரல... ஆங்!" யாரிடமும் பேசவில்லை, தனக்குத்தானே பேசுகிறது. குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும் 1896ஆம் ஆண்டு பிறந்தவர்கள், ஒருவர் சுவிட்சர்லாந்தில், ஒருவர் ரஷ்யப் பேரரசில். இந்தப் பேச்சைப் பற்றி இருவரும் வேறுவேறாக எண்ணினார்கள். அடுத்தவர் பார்வையைக் கணக்கில் எடுக்கத் தெரியாததால் வரும் பேச்சு, வளர வளர உதிர்ந்துவிடும் என்றார் பியாஜே. குழந்தை இதைக் கொண்டுதான் யோசிக்கிறது, பிறகு இது உள்ளே போய் மனசுக்குள் பேசும் பேச்சாகிவிடுகிறது என்றார் வைகாட்ஸ்கி. வேலை கடினமாக ஆக ஆக இந்தப் பேச்சு கூடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். என் வகுப்பில் நான் பார்ப்பது வைகாட்ஸ்கி சொன்னதைத்தான். அந்த நேரத்தில் "பேசாம செய்" என்று சொன்னால் பிள்ளை பேச்சை நிறுத்தும். கூடவே வேலையையும் நிறுத்திவிடும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளின் பேச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். "மிஸ், போட்டு கவுந்துக்கிச்சு!" என்று ஒரு பையன் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக் கத்துகிறான். 'அப்படிச் சொல்லாதே, ஒழுங்காகப் பேசு' என்றால் அவன் அடுத்த முறை ஒன்றுமே சொல்லமாட்டான். "ஆமாடா, படகு கவிழ்ந்துடுச்சு! ஏன் கவிழ்ந்துச்சு?" என்பேன். அவன் சொன்னதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுத்து, கூட ஒரு கேள்வி. "கல்லு மேல வெச்சேன், வெயிட்டு" என்பான். "எத்தன கல்லு வெச்சா கவிழாது?" அவன் கல் பொறுக்கப் போய்விடுவான். வீட்டில் பேசும் மெட்ராஸ் பாஷை அவனுக்குக் காலடியில் இருக்கும் தரை, அதில் நின்றுதான் மற்றதை எட்டிப் பிடிக்க முடியும். வடசென்னைப் பேச்சைச் சினிமாவும் மற்ற ஊர்க்காரர்களும் கேலி செய்தது போதும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேலி வகுப்பறையில் கிடைக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி கேட்டால் காத்திருக்கவேண்டும் என்பதும் நான் தினமும் எனக்கே சொல்லிக்கொள்வது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970களில் ஆரம்பப் பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையில் நின்று பாருங்கள், மலைபோல் தெரியும்.

எங்கள் வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைகள் உண்டு, உருது பேசும் பிள்ளைகள் உண்டு, வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. புது மொழிக்குள் வந்துவிழும் பிள்ளை பல மாதம் பேசாமலே இருக்கலாம். கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. "ஊமையா மிஸ்?" என்று மற்ற பெற்றோர் கேட்பார்கள். அந்தப் பிள்ளையைப் பேசச் சொல்லி வற்புறுத்தாமல், கையசைவோடு சேர்த்துப் பேசி, அதன் மொழியில் தண்ணீருக்கும் பசிக்கும் ஒன்றுக்குப் போவதற்கும் என்ன சொல் என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொண்டாலே பாதி பயம் போய்விடும். வீட்டில் தமிழில் பேசுங்கள் என்று நான் அந்த அம்மாக்களிடம் சொல்வதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கதை சொல்ல வருமோ, திட்ட வருமோ, கொஞ்ச வருமோ அதிலேயே நிறையப் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

விளையாட்டைச் சொல்லாமல் இதெல்லாம் முழுமையாகாது. எங்கள் பிள்ளைகள் அதிகம் விளையாடுவது மீன் ஏலம். பெஞ்சுக்குக் கீழே கடல், பெஞ்சுக்கு மேலே கரை. கிரேயான்தான் மீன். சிவப்பு சங்கரா, கறுப்பு வவ்வால், உடைந்த துண்டுகள் நெத்திலி. ஒரு பையன் ஸ்டூல்மேல் ஏறி "நூறு, நூத்தம்பது, இருநூறு" என்று கூவுவான். துறைமுகத்தில் ஏலம் விடுபவர் கையை ஆட்டும் அதே ஆட்டல். வெறும் கிரேயானை மீனாக வைத்துக்கொள்ள முடிகிற பிள்ளைக்குத்தான், பின்னால் வளைந்த ஒரு கோட்டை 'அ' என்ற ஒலியாக வைத்துக்கொள்ள முடியும். இரண்டிலும் ஒன்று இன்னொன்றாக நிற்கிறது.

இதில் டீச்சருக்கு என்ன வேலை? ஒரு நாள் அதே ஏலத்தில் சண்டை வந்துவிட்டது. எல்லோருக்கும் ஏலம் விடவேண்டும், வாங்குவதற்கு ஆள் இல்லை. பஞ்சாயத்து செய்யலாம், ஸ்டூலை எடுத்து வைத்துவிடலாம். நான் என் கைப்பையை மாட்டிக்கொண்டு போய், "அண்ணே, வவ்வால் என்ன வெல? வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க" என்றேன். ஏலக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். "ரெண்டு கெடக்கு இருநூறு." "ரொம்ப ஜாஸ்தி. சின்னதா ஒண்ணு இல்லியா? எட போட்டுக் குடுங்க." எடை போடத் தராசு வேண்டும். ஒருவன் ஸ்கேலை எடுத்துவந்து விரலில் வைத்து நிறுத்தப் பார்த்தான். இன்னொருத்தி பேப்பரில் கிறுக்கி எனக்குப் பில் கொடுத்தாள். அந்தக் கிறுக்கல் ஒன்றின்கீழ் ஒன்றாக வரிவரியாக இருந்தது. எழுத்து எதற்கு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்பது மட்டும் பாக்கி. நான் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். என் பின்னால் ஏலம் நடந்துகொண்டே இருந்தது. உள்ளே போய், ஒரு படி ஏற்றிவிட்டு, வெளியே வந்துவிடுவது. எப்போது போகவேண்டும் என்பதைவிட எப்போது வெளியே வரவேண்டும் என்பதுதான் கஷ்டம். பிள்ளை தனியாகச் செய்யமுடிவதற்கும், கூட ஒருவர் இருந்தால் செய்யமுடிவதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில்தான் கற்றுக்கொடுக்கவேண்டும் என்பது வைகாட்ஸ்கியின் முக்கியமான கருத்து. ஏலக்கடையில் எனக்கு அது நன்றாகவே விளங்கியது.

கல்லா மண்ணா விளையாட்டையும் நான் படிப்புக் கணக்கில்தான் சேர்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கால் சொல்லைக் கேட்டு நிற்கவேண்டும், எது கல் எது மண் என்று நினைவில் வைக்கவேண்டும், ஆசையை அடக்கவேண்டும். தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் அந்தத் திறமை இந்த வயதில்தான் வேகமாக வளர்கிறது. பிரம்பைக் காட்டி நிறுத்தினால் பிரம்பு இருக்கும்வரைதான் நிற்கும்.

"திமிரு மிஸ், வேணும்னே பண்றான்" என்று சொல்லும் பெற்றோருக்காக ஒரு சோதனை. பிஸ்கட் பாக்கெட்டுக்குள் கிரேயானைப் போட்டு மூடிவிடுங்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் உள்ளே என்ன என்று கேட்டால் பிஸ்கட் என்பான். திறந்து காட்டுங்கள். மறுபடி மூடிவிட்டு, "அம்மா இன்னும் இதப் பாக்கல. உள்ள என்ன இருக்குன்னு அம்மா நெனப்பாங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "கிரேயான்" என்றுதான் பதில் வரும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறான். நான்கு, நான்கரை வயதில் "பிஸ்கட்னு நெனப்பாங்க" என்று சொல்லிச் சிரிப்பான். 1980களில் யோசப் பெர்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் மிட்டாய் டப்பாவில் பென்சிலை வைத்துச் செய்த சோதனை இது. அடுத்தவர் மனசு வேறு என்றே இன்னும் பிடிபடாத பிள்ளையிடம், "அவன் மனசு கஷ்டப்படும்னு தெரியாதா உனக்கு?" என்று கேட்டு அடிப்பதில் என்ன இருக்கிறது? தெரியாதுதான். "நீ புடுங்கினதும் அவ அழறா பாரு, அவளுக்கு அது இன்னும் வேணுமாம்" என்று அடுத்தவர் மனசை வார்த்தையாக்கிக் காட்டிக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்லத் தெரியவரும்.

கொருக்குப்பேட்டையில் அங்கன்வாடி பணியாளராக இருக்கும் என் பெரியம்மா மகளிடம் நான் கற்றது ஏராளம். எங்கள் தெருவில் இன்னமும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்கிறார்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவை அந்த மையங்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிப் பிள்ளைகளோடு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. ஊரில் பலருக்குப் பால்வாடி என்றால் சோறு போடும் இடம், அவ்வளவுதான். முட்டை போடும் நாளில் அக்காவின் மையத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். முட்டையை அவள் உரித்துக் கொடுப்பதில்லை. தரையில் ஒரு தட்டு தட்டி, விரிசல் விழுந்ததும் பிள்ளை கையில் கொடுத்துவிடுவாள். நகத்தால் முதல் துணுக்கைப் பெயர்ப்பதற்கு ஒரு பிள்ளை ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த மெல்லிய தோலைப் பிடித்து இழுத்தால் ஓடு மொத்தமாக வரும் என்று கண்டுபிடித்த பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கும். விரல் வேலை, பொறுமை, பேச்சு, உதவி எல்லாம் ஒரு முட்டையில். "நான் உரிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்டீ, ஆனா அதுங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்பாள் அக்கா.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று நன்றாகவே போட்டிருக்கிறார்கள். அதை நடத்துவதற்கு அக்காவுக்கு நேரம் வேண்டுமே! எடை பார்த்துப் பதிவது, உயரம் பதிவது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைப் போய்ப் பார்ப்பது, தடுப்பூசி நாளுக்கு ஆள் திரட்டுவது, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் ஏற்றுவது. தேர்தல் சமயத்தில் வாக்காளர் பட்டியல் வேலை வேறு தலையில் விழும். ஒரு பிள்ளை தனக்குத்தானே என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்க நேரம் எங்கிருந்து வரும்? குழந்தைகளோடு இருப்பதுதான் அவளுடைய முதல் வேலை என்று அரசு எண்ணினால் மற்ற வேலைகளுக்கு வேறு ஆள் போடவேண்டும். இதைச் சொல்ல நான் யார் என்று யாராவது கேட்கலாம். அவள் கையில் வளர்ந்துவிட்டு என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவள் நான்.

மாண்டிசோரி என்றால் ஏசி வகுப்பும் மரச் சாமான்களும் என்று நம் ஊரில் ஆகிவிட்டது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில். அப்பா அம்மா வேலைக்குப் போனபிறகு மாடிப்படிகளில் அலைந்த பிள்ளைகளுக்காக ஒரு குடியிருப்பில் தொடங்கிய இடம் அது. வியாசர்பாடிக்கும் புளியந்தோப்புக்கும் அந்த இடம் அந்நியமே இல்லை. 1939இல் அவர் சென்னைக்கே வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடையாறிலிருந்து கூவத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர அந்த எண்ணத்துக்கு ஏன் இத்தனை காலம் ஆகிறது என்று எனக்கு வருத்தம் உண்டு.

'சரி மிஸ், இதெல்லாம் விளையாடினா பின்னாடி என்ன கிடைக்கும்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவில் இப்சிலாண்டி என்ற ஊரில் நடந்ததை. 1962லிருந்து 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளைக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் நல்ல பாலர் வகுப்பு கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், ஒருவருக்குச் சில பிள்ளைகள் மட்டுமே. என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளைகளே சொல்லிச் செய்வார்கள். ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்கும் போவார். முதலில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியது. சில ஆண்டுகளில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. வீண் என்று அங்கேயே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அவர்களை நாற்பது வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். பாலர் வகுப்புக்குப் போனவர்களில் அதிகம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், போலீஸில் பிடிபட்டவர்கள் குறைவு. மதிப்பெண்ணில் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது. எடுத்ததை முடிப்பது, அடுத்தவரோடு ஒத்துப்போவது, தன்னை அடக்கிக்கொள்வது ஆகியவைதான் அது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். ஏப்ரலில் விண்ணப்பம் வாங்க மட்டும் போகாதீர்கள். வகுப்பு நடக்கும் நாளில், பத்தரை மணி வாக்கில், அனுமதி கேட்டுப் போய் வாசலில் நில்லுங்கள். சத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். முழு அமைதியாக இருந்தால் யோசியுங்கள். அழுகிற பிள்ளையிடம் டீச்சர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். "அம்மா கடைக்குத்தான் போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க" என்று பொய் சொல்கிறாரா, "சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவாங்க" என்று கடிகாரம் தெரியாத பிள்ளைக்குப் புரிகிற மாதிரி நிஜத்தைச் சொல்கிறாரா? பொருட்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா? அப்புறம் டீச்சரிடம், "உங்க வகுப்புல ஒரு புள்ளையப் பத்திச் சொல்லுங்க மிஸ்" என்று கேளுங்கள். மார்க்கைச் சொன்னால் சரி, கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை நேற்று எதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது, யாரோடு சண்டை போட்டது, என்ன கேள்வி கேட்டது என்று அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனால், நோட்டில் எத்தனை பக்கம் என்று கேட்காமல் ஃபாரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.